அது கருந்துளை இல்லை

எம்82 விண்மீன் திரளில் ஒளி கூடிக் குறையும் எம்82 எக்ஸ்-2 என்ற எக்ஸ்ரே மூலத்தை இந்தக் கட்டுரை இன்னும் கருந்துளை என்றே சொல்கிறது, அது பழைய கணக்கு. 2014இல் அங்கே தெரிந்த சூப்பர்நோவா என்ற நட்சத்திர வெடிப்பைப் பார்க்கத்தான் நுஸ்டார் விண்தொலைநோக்கியைத் திருப்பினார்கள், அகப்பட்டதோ 1.37 செக்கனுக்கு ஒருமுறை சீராக வரும் துடிப்பு! கருந்துளை அப்படித் துடிக்காது. அந்த மூலம், பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து விழுங்கும் நியூட்ரோன் நட்சத்திரம், அதாவது வெடித்த பெரிய நட்சத்திரம் விட்டுச்சென்ற, சுழலும் அடர்ந்த மிச்சம், சுமார் 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில். எக்ஸ்ரே நம் காற்றுமண்டலத்தைத் தாண்டி வராது, இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை உச்சியில் கருவி வைத்தாலும் பிடிபடாது. ஆனால் அந்தத் திரளையே சித்திரை மாதம், மூட்டம் விலகிய ஓர் இரவில், அட்டனில் எங்கள் லயத்து வாசலில் நின்று சின்னத் தொலைநோக்கியால் பார்த்தேன், வடக்கே தேயிலை மலைக்குச் சற்று மேலே, சாம்பல் கீற்று மாதிரி. இன்னும் மறக்கவில்லை. தயவுசெய்து கட்டுரையைத் திருத்துங்கள், இங்கே பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.