ஆப்கன் பெண்களின் பதிவுகளை எளிதாக ஒதுக்கிவிடுபவர்களுக்கு

இணையத்தில் பதிவிடுவதெல்லாம் ஒரு போராட்டமா, வீதியில் இறங்க அஞ்சுபவர்களின் வேலை அது என்று பலர் சொல்கிறார்கள். ஆப்கானிஸ்தான் பெண்களைக் குறித்து அப்படிச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைக் கைப்பற்றியபோது அந்தப் பெண்கள் முதலில் வீதிக்குத்தான் வந்தார்கள். சாட்டையடியும், வானத்தை நோக்கிச் சுட்டு மிரட்டியதும், கைதுகளும் அவர்களை வீட்டுக்குள் தள்ளிய பிறகே, முகத்தை மறைத்துக்கொண்டு, கோரிக்கை எழுதிய தாளைக் கையில் ஏந்தி, அறைக்குள் எடுத்த காணொளிகளை வெளியிடத் தொடங்கினார்கள்.

இணையவழிப் போராட்டம் அவர்களுக்குப் புதிதும் அல்ல. திருமண அழைப்பிதழிலும் கல்லறையிலும்கூடப் பெண்ணின் பெயரைப் பொறிக்காத வழக்கத்தை எதிர்த்து, ஹெராத்தைச் சேர்ந்த லாலே உஸ்மானி 2017இல் 'என் பெயர் எங்கே' என்ற ஹேஷ்டேக் இயக்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளின் அடையாள அட்டையில் தந்தையின் பெயரோடு தாயின் பெயரையும் சேர்க்க வழிசெய்யும் சட்டத் திருத்தத்தில் அன்றைய அதிபர் அஷ்ரப் கனி 2020 செப்டம்பரில் கையெழுத்திட்டார். கணவரை இழந்தோ பிரிந்தோ தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்று அப்படிச் செவிகொடுக்கும் அரசு அங்கே இல்லை. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. பெண்ணின் குரல் பொதுவெளியில் கேட்கக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் சட்டம் வந்தபோது, நாட்டுக்குள் இருந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் தாங்கள் பாடும் காணொளிகளையே பதிலாக வெளியிட்டார்கள். அந்தப் பாடல்களால் சட்டம் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் சட்டத்தை மாற்றுவது மட்டுமே பதிவின் பயன் என்று நான் கருதவில்லை. 2022 ஜனவரியில் ஒரு போராட்டத்தில் பங்கேற்ற சில நாட்களில், தமனா பர்யானியின் வீட்டுக் கதவை இரவில் ஆயுததாரிகள் தட்டினார்கள். உதவி கேட்டு அவர் கதறும் காணொளி இணையத்தில் பரவியது. அவரைப் பிடித்துச் செல்லவில்லை என்று தாலிபான் மறுத்தபோது, அவருக்காகப் பேசியவர்களின் கையில் அந்தக் காணொளி இருந்தது. சில வாரங்களுக்குப் பின் அவர் விடுவிக்கப்பட்டார்.

இத்தகைய பதிவுகளைப் பகிரும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். மறைத்த முகத்துக்குப் பின்னால் இருப்பவர் யார், அது எந்த ஊர், எந்தத் தெரு என்று பின்னூட்டத்தில் ஊகிக்காதீர்கள். அவர்கள் எழுதிய கோரிக்கையைப் படியுங்கள். அதைப் பற்றிப் பேசுங்கள்.