பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள்

2020 மார்ச்சில் பிரிட்டனில் அவசரமில்லாத எண்டோஸ்கோபிகளை நிறுத்திவைத்தார்கள். வாய்வழியாகக் குழாய் விடும்போது நோயாளி இருமுவார், கொரோனா பரவும். காரணம் நியாயமானதுதான். ஆனால் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் சீலியாக் நோயைப் பெரியவர்களுக்கு உறுதிசெய்ய அந்தக் குழாயைத்தான் நம்பியிருந்தார்கள். சிறுகுடலின் தொடக்கத்தில் நான்கைந்து துணுக்குகள் எடுத்து, சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தட்டையாகிவிட்டனவா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

இதற்காகக் காத்திருப்பதில் ஒரு கொடுமை உண்டு. பரிசோதனை முடியும்வரை கோதுமையை விடக் கூடாது. விட்டால் ரத்தத்தில் இந்நோயைக் காட்டும் எதிர்ப்பான்கள் குறையும், குடல் ஆறத் தொடங்கும், முடிவு 'ஒன்றுமில்லை' என்று வந்துவிடும். நோய் அப்படியே இருக்கும், தடயம் மட்டும் போய்விடும். குறைந்தது ஆறு வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது அங்குள்ள நைஸ் என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல். வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாகக் கிடப்பவரிடம், தேதியே தெரியாத எண்டோஸ்கோபிக்காக ரொட்டி தின்றுகொண்டே இருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? தாங்களாகவே நிறுத்தியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆண்டே பிரிட்டிஷ் இரைப்பைக் குடலியல் சங்கம் இடைக்கால வழி ஒன்றைத் திறந்தது. வயது 55-க்குள், அபாய அறிகுறிகள் இல்லை, ரத்தத்தில் டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பானின் அளவு இயல்பின் உச்சவரம்பைப் போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ, இரண்டாவது ரத்த மாதிரியும் அதையே சொல்கிறது என்றால் குடல் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி வேண்டாம். ஐரோப்பாவில் குழந்தைகளுக்கு 2012-லிருந்தே இப்படி ஒரு வழி இருந்தது. பெரியவர்களுக்கு இது வர ஒரு பெருந்தொற்று தேவைப்பட்டிருக்கக் கூடாது. வந்ததைத் திரும்ப எடுக்கவும் கூடாது.

பத்து மடங்கு என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு ஆய்வகத்தின் உச்சவரம்பு 4 என்றால் 40 வேண்டும், இன்னொன்றில் 10 என்றால் 100 வேண்டும். எனவே அடுத்தவர் ரிப்போர்ட்டோடு எண்ணை ஒப்பிடாதீர்கள். ஐஜிஏ என்ற எதிர்ப்பான் வகையின் மொத்த அளவையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். சீலியாக் உள்ளவர்களில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏவே மிகக் குறைவு. அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ பொய்யாக நெகட்டிவ் காட்டும். ஐஜிஜி என்ற வேறு எதிர்ப்பான் வகையைப் பார்க்கும் பரிசோதனைதான் நோயைப் பிடிக்கும்.

வட இந்தியாவில் இந்நோய் நூற்றில் ஒருவருக்கு, தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் தெரியவந்திருக்கிறது. அதனாலேயே நம் பக்கத்தில் இது யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், சோறு சாப்பிடும் வீடாக இருந்தாலும் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

நோய் உறுதியான பிறகு சப்பாத்தி, ரவை, சேமியா, மைதாவை எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். சமையலறையில் ஒளிந்திருப்பது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. சாம்பாரும் ரசமும் வைப்பதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.