நூறில் 95 பேருக்கு வேலை இருக்கிறதா?

"இலங்கையில் வேலையின்மை 4.7 வீதம்தான், அப்படியென்றால் நூறு பேரில் 95 பேர் வேலை செய்கிறார்கள், மட்டக்களப்பு இளைஞர்கள்தான் சோம்பேறிகள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

2023இல் 4.7 வீதம் என்பது உண்மை. ஆனால் அது எல்லா மக்களிலும் எடுத்த வீதம் இல்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் வேலை செய்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்தால்தான் ஊழியப்படை, வீதத்தை அதில்தான் எடுக்கிறார்கள். 2023இல் அந்த வயதினர் நூறு பேரில் ஊழியப்படையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 49 பேர்தான். அவர்களில் சுமார் இரண்டு பேருக்கு வேலையில்லை என்றால், வேலை செய்பவர்கள் 95 இல்லை, 46 அல்லது 47 பேர். மீதிப் பாதிப்பேர் படிப்பவர்கள், வீட்டைப் பார்ப்பவர்கள், முதியவர்கள், அப்புறம் தேடித் தேடிக் களைத்துப்போய் விட்டுவிட்டவர்கள். தேடுவதை நிறுத்திய நான்கு வாரத்துக்குப் பிறகு வேலையற்றோர் கணக்கில் நீங்கள் வரமாட்டீர்கள்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கெடுப்பில், கணக்கில் எடுக்கும் அந்த ஒரு வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே வேலையுள்ளவர். அக்கரைப்பற்றில் அரிவு வெட்டுக்கு ஒரேயொரு நாள் கூலிக்குப் போனவரும், குடும்ப வயலில் சம்பளமில்லாமல் நிற்கும் மகளும் அதற்குள் அடக்கம். இது உலகம் முழுக்க இருக்கும் முறை, மோசடி இல்லை. ஆனால் அந்தக் கூலி வீட்டுச் செலவுக்குப் போதுமா என்பதை இந்த எண் சொல்லாது. அதை வைத்து எங்கள் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்பது அநியாயம்.