‘எப்போதும் சிரிக்கும் மக்கள்’ என்று யார் சொன்னது?

பிலிப்பைன்ஸைப் பற்றிய சுற்றுலாக் கட்டுரைகள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ‘எப்போதும் சிரித்த முகத்துடன் இருக்கும் மக்கள்’. கூடவே கொஞ்சம் கடற்கரை, ஒரு கிண்ணம் ஊதா நிற ஐஸ்கிரீம், முகமூடி அணிந்த ஒரு நடனக்காரி. இந்த வாக்கியத்தின்மேல் எனக்குத் தீராத எரிச்சல். அந்த நாட்டின் கலையிலும் சாப்பாட்டிலும் விளையாட்டுத்தனம் கொட்டிக் கிடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை ஏதோ பிறவிக் குணம்போலச் சொல்லும்போது, அதற்குள் இருக்கும் உழைப்பும் நையாண்டியும் கோபமும் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகின்றன.

லுக்பானை எடுத்துக்கொள்ளுங்கள். மணிலாவுக்குத் தென்கிழக்கே, பனாஹாவ் மலையடிவாரத்தில், கேசோன் மாகாணத்தில் இருக்கும் ஊர். மே 15 அங்கே பஹியாஸ் திருவிழா. உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோரின் நாள். அவர் ஜெபத்தில் மூழ்கியிருக்க, வானதூதர்கள் வந்து அவருக்காக ஏர் ஓட்டினார்கள் என்பது கதை. அறுவடையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வாங்குவது அந்தக் கால வழக்கமாம். விளைச்சல் பெருகிக் கோயில் கொள்ளாமல் போகவே, குருவானவர் தெருவழியே வந்து வீட்டு வாசலிலேயே மந்திரிக்கத் தொடங்கினார் என்று ஊரார் சொல்கிறார்கள். அப்படி வாசலுக்கு வந்த அறுவடைதான் இன்று சுவரேறி மாடிவரை போயிருக்கிறது. நெற்கதிர்க் கட்டுகள், கத்தரிக்காய், முள்ளங்கி, பயத்தங்காய், அன்னாசி, உள்ளூரில் பின்னிய ஓலைத் தொப்பிகள், பூண்டு மணம் தூக்கும் லோங்கனீசா சாசேஜ் சரங்கள் என்று ஒரு வீட்டின் முகப்பே சந்தையாகிவிடுகிறது.

இவற்றுக்கு நடுவே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகத் தொங்குவது கிப்பிங். தூரத்தில் இருந்து பார்த்தால் வண்ணக் காகிதம் என்று நினைப்போம். அரிசி அது. ஊறவைத்து அரைத்த மாவில் சாயம் கலந்து, பறித்த இலையின்மேல் மெல்லிசாகத் தடவி, ஆவியில் வேகவைத்து, ஆறியதும் இலையை உரித்தெடுக்கிறார்கள். நம் வீட்டு இலை வடாம் செய்முறைக்கு இவ்வளவு நெருக்கமான ஒன்றை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆனால் நாம் வடாத்தை டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம். அவர்கள் அதை ஆயிரக்கணக்கில் அடுக்கிச் சரவிளக்கு செய்கிறார்கள். ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடு நரம்பும் அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும் அப்படியே பதிந்திருப்பது தெரியும். உரிக்கும்போது சற்று அவசரப்பட்டாலும் ஓரம் கிழிந்துவிடும். காய்ந்த பிறகு விரல் அழுந்தினாலே நொறுங்கும். மழை பட்டால் தளர்ந்து போகும். மே மாத நடுவில் அந்தப் பக்கம் எந்தப் பிற்பகலிலும் மழை வரலாம். இத்தனை ஆபத்துக்கும் துணிந்து பல வாரம் உட்கார்ந்து செய்து, ஒரே ஒரு நாளைக்குத் தொங்கவிடுகிறார்கள். விழா முடிந்ததும் பொரித்தோ சுட்டோ சாப்பிடலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஊர்க்காரர்கள் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு. பவனி எல்லாத் தெருவிலும் வருவதில்லை. பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒவ்வொரு தெருவுக்கும் முறை வரும். சிறந்த வீட்டுக்குப் பரிசும் உண்டு. முறை வரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் யோசிக்க நேரம் இருக்கிறது, எதிர்வீட்டை முந்தவேண்டும் என்ற வீம்புக்கும் நேரம் இருக்கிறது. பக்தி, விவசாயம், பக்கத்து வீட்டோடு போட்டி மூன்றையும் ஒரே நாளில் கலந்துவைக்கத் தெரிந்த இவர்களை ‘கள்ளமில்லாமல் சிரிப்பவர்கள்’ என்றா சொல்வது? மகா சாமர்த்தியசாலிகள்.

அதே மலையடிவாரத்தில், அதே நாளில், அதே புனிதருக்கு மற்ற ஊர்கள் வேறு விளையாட்டு வைத்திருக்கின்றன. தயாபாஸில் பவனியில் புனிதரின் சுரூபம் கடந்து போனதும் சுமன் வீசுவார்கள். சுமன் என்பது ஓலையில் பொதிந்து வேகவைத்த பசையரிசிப் பலகாரம். கீழே நிற்பவர்கள் முட்டிமோதிப் பிடிக்கவேண்டும். சாரியாயாவில் மூங்கில் கழிகளில் பழமும் தின்பண்டமும் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பவனி தாண்டிய அடுத்த நொடி கூட்டம் பாய்ந்து பறித்துக்கொண்டு போய்விடும். ஒரு ஊர் தொங்கவிடுகிறது, ஒரு ஊர் எறிகிறது, ஒரு ஊர் பறிக்கிறது. சாப்பாட்டோடு விளையாடாதே என்று குழந்தைகளை அதட்டி வளர்க்கும் பரம்பரையில் வந்தவன் நான். உணவை மதிக்க இப்படியும் ஒரு வழி உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன்.

லுக்பானின் பன்சித் ஹப்ஹப்பும் இதே ரகம்தான். வதக்கிய நூடுல்ஸை வாழையிலைத் துண்டில் வைத்து, மேலே வினிகர் தெளித்துத் தருவார்கள். கரண்டி கிடையாது, விரலும் கூடாது. இலையை வாய்க்கு நேரே உயர்த்தி அப்படியே கவ்வி இழுக்கவேண்டும். கோட்டும் சூட்டும் போட்டு வந்த அதிகாரியானாலும் மூக்கு நுனியில் எண்ணெய் படாமல் தப்பமுடியாது.

இனி அங்கோனோ. ரிசால் மாகாணத்தில் ஏரிக்கரை ஊர். ஓவியர் போத்தோங் ஃபிரான்சிஸ்கோ, இசையமைப்பாளர் லூசியோ சான் பெத்ரோ என்று இரண்டு தேசியக் கலைஞர்களைத் தந்த ஊர். நவம்பர் 23 புனித கிளமெந்து விழாவில் ஹிகாந்தெஸ் எனப்படும் காகிதக்கூழ் பூதங்கள் தெருவில் ஆடும். இரண்டு ஆள் உயரம், உருண்டை விழி, இடுப்பில் கை. இடுப்பில் கை வைத்த தோரணைக்கு ஊரில் ஒரு கதை இருக்கிறது: ஸ்பானியர் ஆட்சியில் பண்ணை முதலாளி செலவைக் குறைக்க, ஆண்டுக்கு ஒரு விழா போதும் என்று உத்தரவு போட்டாராம். சரி என்று தலையாட்டிய குடிமக்கள், அந்த ஒரே விழாவில் அவரையே பொம்மையாகச் செய்து தூக்கிக்கொண்டு ஆடினார்களாம். கதைதான். ஆனால் பொம்மையின் முறைப்பைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. இன்று குழந்தைகள் அதன் காலடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். யாரைப் பழித்துச் செய்த பொம்மை என்பதையும் யாராவது அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

நெக்ரோஸ் தீவிலுள்ள பக்கோலோத் நகர விஷயத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. சிரிக்கும் முகமூடிகளுக்குப் பேர்போன மாஸ்காரா விழா 1980-இல் தொடங்கியது. அந்த ஆண்டு ஏப்ரலில் மணிலாவிலிருந்து பக்கோலோத்துக்கு வந்த டான் ஹுவான் என்ற பயணிக் கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதி மூழ்கியது. நெக்ரோஸ் தீவில் இழவு விழுந்த வீடுகள் பல. கரும்பை மட்டுமே நம்பியிருந்த தீவில் சர்க்கரைத் தொழிலும் தள்ளாடிக்கொண்டிருந்தது. ஊரின் மனத்தைத் தேற்ற உள்ளூர்க் கலைஞர்களும் நகர நிர்வாகமும் சேர்ந்து கொண்டுவந்ததுதான் அந்தச் சிரிப்பு. நல்ல எண்ணம்தான். ஆனால் சில ஆண்டுகளிலேயே சர்க்கரை விலை சரிந்து, கரும்புத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் பட்டினியில் வாடினார்கள். எலும்பும் தோலுமான ஒரு நெக்ரோஸ் குழந்தையின் புகைப்படம் 1985-இல் உலகத்தின் முன் வந்து நின்றது. ஒரே தீவு, சில ஆண்டு இடைவெளியில் இரண்டு முகங்கள். முகமூடியை மட்டும் அஞ்சலட்டையில் அச்சடித்து விற்பது நேர்மையான காரியமாக எனக்குப் படவில்லை. புயலுக்குப் புயல் ‘எதையும் சிரித்துக்கொண்டே தாங்குபவர்கள்’ என்று பாராட்டு வாங்கி பிலிப்பினோக்களே அலுத்துப்போய்விட்டார்கள். நிவாரணத்தைக் கொடுங்கள், பாராட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம்.

தெருவோர அடுப்புக்கு வந்தால் கேலி இன்னும் கூர்மையாகிறது. கழித்துப்போடும் பாகங்களைக் குச்சியில் குத்திக் கரியில் சுட்டு விற்கிறார்கள். கோழிக்கால் அங்கே ‘அடிடாஸ்’. உறைந்த ரத்தத்தைக் கட்டியாக வெட்டிச் சுட்டால் ‘பீட்டாமேக்ஸ்’, பழைய வீடியோ கேசட் வடிவில் இருப்பதால். பன்றிக் காது ‘வாக்மேன்’. வாங்கமுடியாத சாமான்களின் பெயரையெல்லாம் வாங்கமுடிந்த கறிக்கு வைத்து, வினிகரில் முக்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள்.

புகைப்பட மோகத்தை நான் பழிக்கவில்லை. 2014-இல் டைம் பத்திரிகை இன்ஸ்டாகிராம் படங்களை அலசியபோது, உலகிலேயே அதிகம் செல்ஃபி எடுக்கும் இடமாக மணிலாவை ஒட்டிய மக்காத்தி, பாசிக் நகரங்கள் முதலிடத்தில் வந்தன. பலர் எள்ளி நகையாடினார்கள். எனக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை. மணிலாவை ஒட்டிய கேசோன் நகரத்துக் (லுக்பான் இருக்கும் கேசோன் மாகாணம் வேறு) குபாவோவில் ‘ஆர்ட் இன் ஐலண்ட்’ என்று ஒரு காட்சியகம் இருக்கிறது. ஓவியங்கள் சட்டத்தை விட்டுத் தரையில் வழிந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுறாவின் வாயில் தலையைக் கொடுத்தோ தேவதையின் இறக்கைக்கு முன் நின்றோ படம் எடுத்துக்கொள்ளலாம். தொடாதே, நெருங்காதே என்று பலகை வைத்து மிரட்டும் அருங்காட்சியகங்களில் கொட்டாவி விட்ட எவரும் இதைக் குறைசொல்ல மாட்டார்கள். என் குறை வேறு. லுக்பானிலிருந்து வரும் நூறு படங்களில் தொண்ணூறு கிப்பிங்கைத்தான் காட்டுகின்றன. மாவு தடவிய கையைக் காட்டுபவை மிகக் குறைவு.

ஜீப்னி இதற்கு இன்னும் கசப்பான உதாரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, பயணிகள் எதிரெதிரே உட்காரப் பெஞ்சு போட்டு, உடம்பெல்லாம் மாதாவும் கழுகும் பிள்ளைகளின் பெயரும் எழுதிச் சாலையில் விட்டார்கள். குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்த லியோனார்டோ சாராவ் 1953-இல் லாஸ் பின்யாஸில் பட்டறை போட்டார். வண்டி முகப்பில் நிற்கும் உலோகக் குதிரைகள் அந்தக் குதிரைவண்டிக் காலத்தின் நினைவு என்பார்கள். கட்டணத்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டுநரிடம் சேர்ப்பதும், சில்லறை அதேபோல் திரும்பி வருவதும் இன்றும் நடக்கிறது. காபிக் குவளையிலும் டி-ஷர்ட்டிலும் ஜீப்னி படம் போடாத நினைவுப்பொருள் கடை அங்கே உண்டா என்பது சந்தேகம். அந்த வண்டியைத்தான் 2017-இல் தொடங்கிய நவீனமயத் திட்டம் சாலையை விட்டு இறக்கப் பார்க்கிறது. புகையைக் குறைக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாற்று வண்டி ஒன்றின் விலை 20 லட்சம் பேசோவைத் தாண்டுகிறது. அன்றாட வசூலில் டீசலுக்கும் முதலாளிக்கும் கொடுத்தது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் ஓட்டுநர் அந்தத் தொகைக்கு எங்கே போவார்? வேலைநிறுத்தம் செய்தார்கள், தெருவில் நின்றார்கள். தனி வண்டிக்காரர்கள் கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்தாகவேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை; அதற்கு விதித்த கெடுவும் 2024 ஏப்ரலோடு முடிந்தது.

பழைய முகப்பை அப்படியே வைத்து மின்சாரத்தில் ஓடும் மாதிரி ஜீப்னிகளை உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கின்றன. அந்த வண்டிக்கு ஓட்டுநர்கள் எப்படிப் பணம் கட்டுவார்கள் என்பதைத்தான் யாரும் விளங்கச் சொல்லவில்லை.