ஜன்னல் சீட் எதுன்னு சொல்லித் தொலை தாயே

“ஃபிக்ஸ்டு.” ஒத்தை வார்த்தை எழுதி, பஸ் டிக்கெட் சைட்டை டெஸ்ட் பண்ணி நான் எழுதிப் போட்ட பக்-ஐ, அதான் குறையை, மூடிட்டுப் போயிட்டான் டெவலப்பர் மகராசன்.

அப்படி என்னத்தைக் கிழிச்சிருக்கான்னு பார்க்கலாமேன்னு விண்டோஸ் கீ, கண்ட்ரோல், என்டர் மூணையும் சேர்த்து அமுக்கி நரேட்டரை, அதான் பார்வை இல்லாதவங்களுக்குத் திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற விண்டோஸ் சாஃப்ட்வேரை, எழுப்பினேன். கும்பகோணம் டு சென்னை, ராத்திரி ஸ்லீப்பர் பஸ், சீட் எடுக்கிற பக்கம். போன வாரம் இதே பக்கம் “பட்டன்... பட்டன்... பட்டன்...”னு மட்டும் சொல்லிட்டிருந்துச்சு. ஒரு சீட்டுக்கும் பேர் கிடையாது. பேர் வைப்பான்னு எழுதியிருந்தேன். வெச்சுட்டான். எல்லாத்துக்கும் ஒரே பேரு. “சீட், பட்டன். சீட், பட்டன். சீட், பட்டன்.” கடைசி வரிசை வரைக்கும் இதேதான். மேல் பெர்த்தா கீழ் பெர்த்தா? மூச். ஜன்னல் ஓரமா? மூச். காலியா, போயிடுச்சா? அது எதுக்கு உனக்கு, சீட்டுன்னு சொன்னா போதாதா?

கண்ணால பார்க்கிறவங்களுக்கு மட்டும் சகல மரியாதையும் உண்டு. வெள்ளைன்னா காலி, சாம்பல்னா போயாச்சு, பிங்க்னா லேடீஸ். வெறும் நிறம். பார்வை இல்லாத ஒரு மனுஷன் தட்டுத்தடவி ஒண்ணை அமுக்கி, காசு கட்டி, ராத்திரி பத்தரைக்குப் பையைத் தூக்கிட்டு ஏறினா, “சார், இது லேடீஸ் சீட்டு, எந்திரிங்க”ம்பார் கிளீனர். எந்திரிச்சு எங்க போவாரு? நிறத்தை மட்டும் வெச்சு விஷயம் சொல்லாதேன்னு வெப்சைட்டை எல்லாரும் பயன்படுத்துற மாதிரி கட்டச் சொல்ற டபிள்யூசிஏஜி விதி தலைதலையா அடிச்சுக்குது. 2.2 பதிப்பு வந்தே 2023-ல. இவங்க இன்னும் முதல் பக்கத்தையே பிரிக்கல.

இதாவது பரவாயில்லைங்க. ஒரு சீட்டை அமுக்கினேன் பாருங்க, அப்பதான் சனியன் ஆரம்பிச்சுது. சீட்டைப் பிடிச்சு வைக்க எட்டு நிமிஷம் டைமர். அந்த டைமரை லைவ் ரீஜன்ல, அதான் மாறினதும் நரேட்டர் தானா வாசிக்கிற இடத்துல, போட்டிருக்கான், அதுவும் அசர்ட்டிவ். அதாவது நரேட்டர் என்ன பேசிட்டிருந்தாலும் வாயைப் பொத்திட்டு, இதை முதல்ல சொல்லணும். நொடிக்கு ஒரு தடவை.

“செவன் மினிட்ஸ் ஃபிஃப்டி நைன் செக— செவன் மினிட்ஸ் ஃபிஃப்டி எய்ட் செக— செவன் மினிட்ஸ்—”

பயணி பேரு கேட்கிற பெட்டிக்கு டேப் அடிச்சுப் போறேன். “பேசஞ்— செவன் மினிட்ஸ் ஃபார்ட்டி—”. வயசு கேட்கிற இடத்துல “ஏ— செவன் மினிட்ஸ்”. கண்ட்ரோலை அமுக்கினா நரேட்டர் வாயை மூடும். மூடிச்சு. ஒரே ஒரு நொடி. அடுத்த நொடி திரும்ப ஆரம்பம். எந்தப் பெட்டியில என்ன கேட்குதுன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல, ஆனா எவ்வளவு நேரம் பாக்கின்னு மட்டும் ஜாதகம் மாதிரி துல்லியமாத் தெரிஞ்சுது. அடுக்களையிலேர்ந்து அம்மா, “ஏண்டி, யாருடி அவ, செவன் மினிட்ஸ் செவன் மினிட்ஸ்னு உயிரை வாங்குறா? என்ன வேணுமாம்னு கேட்டு அனுப்பேன்டி”ங்கிறாங்க. அதைத்தாம்மா நானும் கேட்டுட்டிருக்கேன்.

சரி, கேன்சல் பண்ணினா எவ்வளவு பிடிப்பான்னு விதிமுறையைப் படிக்கச் சொன்னேன். “காஸ்க்”ங்குது. என்னடான்னு பார்த்தா, தமிழ்ல அழகா ‘பயணம்’னுதான் தெரியுது திரையில. உள்ள பாமினி ஃபான்ட், அதான் இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் முகமூடி போடுற பழைய எழுத்துரு! ஜி, ஏ, இசட், கே, ஒரு அரைப்புள்ளி. கண்ணுக்குப் பயணம், காதுக்குக் காஸ்க். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாவே வைக்கிற யூனிகோடுதான் இனிமேன்னு தமிழ்நாட்டு அரசு 2010-லயே ஆணை போட்டாச்சு. இவங்க பழைய கல்யாணப் பத்திரிகை டிடிபி ஃபைல்லேர்ந்து வெட்டி ஒட்டிட்டிருக்காங்க.

டெவலப்பருக்குப் போன் போட்டேன். “எனக்கு நல்லா வேலை செய்யுதே மேடம்.” எப்படிப்பா டெஸ்ட் பண்ணினேன்னா, மவுஸ்ல கிளிக் பண்ணிப் பார்த்தானாம். நரேட்டர் போட்டியா? “அது விண்டோஸோட சும்மா வர்றது மேடம், அதுதான் சரியில்ல.” இதே மாதிரி வாசிக்கிற என்விடிஏ-லயும் பார்த்தாச்சு ராசா, அதே கூத்துதான். பார்வை இல்லாத ஆஸ்திரேலியாக்காரர் ஒருத்தர் 2006-ல ஆரம்பிச்சு, உலகத்துக்கே இலவசமாக் கொடுத்துட்டிருக்கிற சாஃப்ட்வேர் அது. அதையும் சரியில்லேம்பியா?

அடுத்து விட்டான் பாருங்க ஒரு கேள்வி. “கண்ணு தெரியாதவங்க எத்தனை பேர் மேடம் நம்ம சைட்டுக்கு வர்றாங்க?” வாசல்ல முள்ளு வெட்டிப் போட்டுட்டு, ஒருத்தரும் வரலியேன்னு கணக்குப் பார்க்குறான்! 2016-லயே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தாச்சு. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமே டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையில சேர்ந்ததுன்னு தீர்ப்பு சொல்லியாச்சு. இதெல்லாம் சொன்னா, “லோ பிரயாரிட்டில போட்டுடுங்க மேடம்”ங்கிறான். போட்டேன். வேற என்ன பண்ண?

‘பணம் செலுத்து’ பட்டனே இல்லையாம், வெறும் டிவ்வாம், அதான் பட்டன் வேஷம் போட்ட வெத்துப் பெட்டியாம், டேப் அடிச்சா தாண்டிக் குதிச்சு ஓடுதாம். அதைப் பத்திப் பேச எனக்குத் தெம்பில்ல. சிரிப்புதான் வருது.

தப்பித்தவறி டிக்கெட் கிடைச்சு ஏறினா மட்டும் என்ன வாழுதாம்? விக்கிரவாண்டி பக்கம் நட்ட நடு ராத்திரியில லைட்டைப் போட்டு, “காப்பி டீ சாப்பிடுறவங்க எறங்குங்க”ன்னு கத்துவாங்க. இறங்கினா, எதிர்ல ஆளுயர போர்டு: ‘ஒரிஜினல் கும்பகோணம் டிகிரி காப்பி’. ஏண்டா, நான் அங்கேர்ந்துதாண்டா வர்றேன்! டபரா டம்ளர் மட்டும் பளபளன்னு பித்தளை, உள்ள சர்க்கரைத் தண்ணி, டிகாஷன் எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியாது. பாக்கி அஞ்சு ரூபா கேட்டா மிட்டாயை நீட்டுறான்.