இலவசக் கண் முகாம் லென்ஸ் மங்காது
"இலவச முகாமில் வைக்கிற லென்ஸ் மலிவுச் சாமான், இரண்டு வருசத்தில் மங்கிவிடும்" என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அது பிழை. கண்புரைக்கு வைக்கும் செயற்கை லென்ஸ் ஆயுளுக்கும் இருக்கும். விலை குறைந்ததற்குக் காரணம் தரக்குறைவு இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992இல் ஆரோலேப் என்ற தன் தொழிற்சாலையைத் தொடங்கித் தானே லென்ஸ் தயாரித்ததால் வந்த குறைவு அது.

சரி, சிலருக்குப் பிறகு பார்வை ஏன் மங்குகிறது? லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்பக்கம் தடித்துப்போவதால். காசு கட்டிச் செய்தவர்களுக்கும் இது வரும். லேசரால் சில நிமிடத்தில் சரியாக்கலாம், திரும்ப வெட்டத் தேவையில்லை.

என் அம்மம்மா நெடுந்தீவில் இருப்பவர். முகாமில்தான் கண் வெட்டினார். பிறகு மங்கியபோது, லென்ஸ் பழுதாகிவிட்டது என்று அயலில் சொன்னதை நம்பி ஒரு வருசம் பேசாமல் இருந்துவிட்டார். படகில் குறிகாட்டுவானுக்கு வந்து, யாழ்ப்பாணம் கூட்டிப்போய் லேசர் செய்தோம். அந்தக் கிழமையே சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கினார்.

உங்கள் பதிவை வாசித்துவிட்டுத் தீவில் யாராவது முகாமுக்கு வராமல் நின்றுவிடுவார்கள். தயவுசெய்து திருத்திவிடுங்கள், அண்ணா.