கொட்டாரத்துக்குள்ளே ஃபிளாஷ் எதற்கு?

குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு, எங்கள் பேச்சில் கொட்டாரத்துக்கு, போய்வந்தவர்கள் போடும் படங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. முற்றத்தில் எடுத்ததெல்லாம் அழகாகத்தான் இருக்கும். உள்ளே எடுத்ததில் பாதிக்கு மேல், ஆள் மட்டும் பவுடர் அப்பியது போல் வெளுத்து நிற்க, பின்னால் ஒரே கறுப்பு. ஃபிளாஷ் அடித்திருக்கிறார்கள். கூடாது என்று சொன்னாலும் அடிக்கிறார்கள். விதியை மீறினார்களே என்று சண்டை பிடிக்க வரவில்லை. அந்தப் படத்தில் அரண்மனையே இல்லை, அதுதான் என் குறை.

அந்த இருட்டு வேண்டுமென்றே உண்டாக்கியது மக்களே. வெயிலும் சுள்ளென்று அடிக்கும், வருஷத்துக்கு இரண்டு பருவமழையும் கொட்டும் நாடு இது. ஓட்டுக்கூரையைத் தாழ இறக்கி, பல இடங்களில் சுவருக்குப் பதிலாக மர அழிகளை, அதாவது இடைவெளி விட்ட மரச் சட்டங்களை நிறுத்தி, காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் நம் ஆசாரிமார். 1601 வாக்கில் தொடங்கி, மார்த்தாண்ட வர்மா ராஜா காலத்தில் 1750-ஐ ஒட்டி விரிந்த கட்டடம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கேதான். (1956-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. மண் நம்முடையது, சாவி அவர்களுடையது!)

மந்திரசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா மந்திரிகளோடு கூடிய அறை. சன்னல்களில் வண்ண அபிரகத் (மைக்கா) தகடுகள். மர அழிகளின் வழியே வெளிச்சம் கீற்றுக் கீற்றாக இறங்குகிறது. தரை கறுப்பாகப் பளபளக்கும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்பார்கள். சன்னல் வெளிச்சம் அதில் விழுந்து தண்ணீரில் கிடப்பது மாதிரி கிடக்கும். அதைப் பார்க்கத்தானே அங்கே போகிறோம்?

போன தடவை அந்த அறையில் ஒரு குடும்பம் வரிசையாக நின்றது. பேரன் போனைத் தூக்கியதும் பாட்டி, "லே மக்ளே, ஒரே இருட்டா கெடக்கு, லைட்ட போடுலே" என்றார். போட்டான். தரையில் ஒரு வெள்ளைப் பொட்டு, சன்னலின் நிறம் காணோம், பாட்டியின் கண் மூடியிருந்தது. பக்கத்தில் நின்ற நான், "பாட்டி, ஒரு நிமிஷம் சன்னல் பக்கமா திரும்பி நில்லுங்க" என்றேன். லைட் இல்லாமல் எடுத்த படத்தில் பாட்டியின் ஒரு பக்கக் கன்னத்திலும் காதுத் தோட்டிலும் வெளிச்சம் விழுந்திருந்தது. பேரனுக்கு ஆச்சரியம். பாட்டிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, "கறுத்துப் போய்ட்டேனே" என்றார். அது வேறு விஷயம்.

ஃபிளாஷ் பட்டால் பழைய ஓவியம் அழிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஒரு மின்னலில் சாயம் போய்விடாது. ஆனால் ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போவது, திரும்ப வராது. அதனால்தான் துணி, நீர்வண்ண ஓவியம் போன்ற எளிதில் மங்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் அளவில் மங்கிய வெளிச்சம் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய காரணம் பக்கத்தில் நிற்கிறவரின் கண். இருட்டுக்குப் பழகிக் கண் மெல்லத் திறக்கும்போது ஒருவர் பளிச்சென்று அடித்தால் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. அந்த உரிமையை அவருக்கு யார் கொடுத்தது?

சரி, எப்படி எடுப்பது? போன் ஃபிளாஷின் எட்டம் இரண்டு மூன்று மீட்டர்தான். சாப்பாடு போடும் ஊட்டுப்புரை மாதிரி நீண்ட கூடத்தில் அது ஒன்றுக்கும் உதவாது. உள்ளே நுழையும்போதே ஃபிளாஷை 'ஆட்டோ'விலிருந்து 'ஆஃப்'புக்கு மாற்றிவிடுங்கள். லென்ஸை வேட்டி முனையில் ஒரு துடை துடையுங்கள்; விரல் எண்ணெய்தான் பாதிப் படத்தைக் கெடுக்கிறது. திரையில் சன்னலைத் தொட்டு வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள், அறை கொஞ்சம் இருண்டால் இருளட்டும். நைட் மோட் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குவது. ஆகவே கை அசையக் கூடாது. முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சை விட்டுவிட்டு அழுத்துங்கள். தூணில் சாய்ந்து எடுக்கலாமே என்று தோன்றும், வேலைப்பாடு உள்ள தூணில் வேண்டாம். அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்து ஏகாந்த மண்டபத்தின் பலாமரத் தூண் நாம் சாய்வதற்கு இல்லை.

கேமராக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) 3200 வரை ஏற்றுங்கள், புள்ளி வந்தால் வரட்டும். ஃபிளாஷை அணைத்தும் ஃபோகஸுக்காக ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி விளக்கு எரிகிறதே, அதையும் அணையுங்கள். பலருக்கு அது எரிவதே தெரியாது.

உச்சிவெயிலில் போகாதீர்கள். வெளியே வெண்மை, உள்ளே கறுப்பு, நடுவில் ஒன்றும் இருக்காது. ஆனி ஆடியில் வேளிமலைப் பக்கம் மேகம் கவிந்து சாரல் போடும் நாள்தான் தோது. சன்னலுக்கும் மூலைக்கும் வித்தியாசம் குறைந்து, மரத்தின் செம்பழுப்பு அப்படியே வரும். முகப்பு மண்டபமான பூமுகத்து மச்சில் செதுக்கிய பூக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவும் அந்த வெளிச்சம் போதும். அங்கே தொங்கும் குதிரை விளக்கையும் விட்டுவிடாதீர்கள்.

சில இடங்களில் என்ன செய்தாலும் படம் வராது. குறுகிய மரப்படிகள், ஒரு கூடத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைவழிகள். அங்கே போனைப் பையில் போட்டுவிட்டுத் தலை இடிக்காமல் குனிந்து போங்கள்.

அப்புறம், கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை விடுமுறை, தக்கலை வரை போய்விட்டுத் திரும்பி வராதீர்கள்.